மிளகரணையும் 62.5 மைக்ரோகிராமும்

தேனியிலிருந்து மதுரை போகும் சாலையில் க.விலக்கில் திரும்பினால் கண்டமனூர், கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை என்று ஊர்கள் வைகையை ஒட்டியே வரிசையாக வரும். மயிலாடும்பாறையைத் தாண்டினால் வருசநாட்டு மலைகள் நெருங்கிவிடும். வைகை பிறக்கும் மலைகள் அவை. அடிவாரத்தில் தென்னையும் இலவமரமும். மேலே ஏற ஏற மேகமலைக் காடு. இந்த மலைகளிலும் வடக்கே பழனி மலைச் சரிவுகளிலும் பளியர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். தேன் எடுப்பதும் கிழங்கு தோண்டுவதும் அவர்கள் தொழில். எந்த நோவுக்கு எந்தப் பச்சிலை என்று அவர்களுக்குத் தெரிந்தது ஏட்டில் இல்லை, வாய்வழியாக வந்தது.

அவர்கள் அறிந்த செடிகளில் ஒன்று மிளகரணை. காட்டு விளிம்பில் மற்ற மரங்களைப் பற்றிக்கொண்டு ஏறும் முட்கொடி. தண்டு முழுக்க வளைந்த சிறு முட்கள் இருக்கும்; துணியில் மாட்டினால் லேசில் விடாது. ஒரு காம்புக்கு மூன்று இலை. இலையை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தால் ஒளி ஊடுருவும் நுண்புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். கசக்கினால் எலுமிச்சை வாசம் வரும். எலுமிச்சை, நாரத்தை, வில்வம், கறிவேப்பிலை எல்லாம் சேர்ந்த ரூட்டேசி குடும்பத்தைச் சேர்ந்தது இது. பழம் ஆரஞ்சு நிறம்; கடித்தால் மிளகுக் காரம். தாவரவியலில் இதன் பெயர் டொடாலியா ஏசியாட்டிகா.

வெளியுலகம் இந்தக் கொடியை அறிந்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் டச்சுக்காரர்கள் பதிப்பித்த ஹோர்த்துஸ் மலபாரிக்குஸில் இதன் படம் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் இதன் வேர் ‘லோபஸ் வேர்’ என்ற பெயரில் ஐரோப்பாவில் வயிற்றுப்போக்குக்கு மருந்தாக விற்பனையானது. ஆங்கிலேய அரசு 1868இல் வெளியிட்ட இந்திய மருந்து நூலிலும் இடம்பெற்றது. பிறகு மெல்ல மெல்ல மருத்துவர்களின் நினைவிலிருந்து நழுவிப்போனது. மீண்டும் ஆய்வகத்துக்குள் வந்தது இந்த நூற்றாண்டில்தான். அப்போது அதன் இலையிலிருந்து ஓர் எண் கிடைத்தது: ஒரு மில்லிலிட்டருக்கு 62.5 மைக்ரோகிராம். படர்தாமரையை உண்டாக்கும் பூஞ்சைகளின் வளர்ச்சியை நிறுத்தத் தேவையான அளவு அது. மூலிகை ஆய்வு பற்றி நம்மிடம் இருக்கும் அளவுகடந்த நம்பிக்கைக்கும், அதே அளவு கடந்த அலட்சியத்துக்கும் இந்த எண்ணைச் சரியாகப் படிக்கப் பழகாததே காரணம் என்பது என் எண்ணம்.

இந்த ஆய்வுகளைச் செய்தது சென்னை லயோலா கல்லூரியின் பூச்சியியல் ஆய்வு நிறுவனம். அருட்தந்தை சவரிமுத்து இன்னாசிமுத்துவின் வழிகாட்டலில் வி. துரைப்பாண்டியன், எம். அய்யனார் ஆகியோர் பளியர்களின் மருந்துச் செடிகளைப் பின்தொடர்ந்தார்கள். தேனி மாவட்டப் பளியர்கள் பயன்படுத்தும் 101 வகைச் செடிகளின் பட்டியலை 2008இல் இந்தக் குழு வெளியிட்டது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 2006இல், பழனி மலையில் பளிய வைத்தியர்களைக் கேட்டுச் சேகரித்த 18 செடிகளை நுண்ணுயிர்களோடு மோதவிட்டுப் பார்த்திருந்தார்கள். தோல் நோய், மேக நோய், மூச்சுக் கோளாறு, நரம்புத் தளர்ச்சி ஆகியவற்றுக்கு மலைமக்கள் பயன்படுத்தும் செடிகள் அவை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலிருந்து பெற்ற 9 பாக்டீரியாக்களும் ஒரு பூஞ்சையும் சோதனைக்கு. அந்த ஒரே பூஞ்சை கேண்டிடா அல்பிகன்ஸ். வாய்ப்புண்ணும் வெள்ளைப்படுதலும் உண்டாக்குவது.

சோதனை முறை எளிமையானது. செடியை உலர்த்திப் பொடித்து, ஹெக்சேனிலும் மெத்தனாலிலும் தனித்தனியே ஊறவைத்துச் சாறு எடுக்கிறார்கள். பொட்டு அளவு வட்டக் காகிதத்தில் அந்தச் சாற்றை ஏற்றி, கிருமி தடவிய கூழ்த்தட்டின் மேல் வைக்கிறார்கள். சாறு கூழுக்குள் கசிந்து பரவும். அதில் வீரியம் இருந்தால் காகிதத்தைச் சுற்றிக் கிருமி முளைக்காத ஒரு வெற்று வட்டம் விழும். அதன் விட்டத்தை மில்லிமீட்டரில் அளப்பார்கள். 18 செடிகளில் 10 செடிகள் ஏதாவது ஒரு கிருமியையாவது தடுத்தன. சின்னி, பெருங்கொன்றை, மிளகரணை, ஆவாரை, மாதுளை, நாவல் இனத்து மரம் ஒன்று ஆகிய ஆறும் முன்னணியில் நின்றன. பூஞ்சையை அதிகம் தடுத்தவை பெருங்கொன்றையும் மாதுளையும்.

இங்கேயே கொஞ்சம் நிற்க வேண்டும். பெருங்கொன்றை, மாதுளை, ஆவாரை மூன்றும் துவர்ப்பு மிகுந்தவை. தோல் பதனிட ஆவாரம்பட்டையைத்தான் தமிழ்நாட்டுத் தோல் ஷாப்புகள் பல தலைமுறையாக நம்பியிருந்தன. துவர்ப்புக்குக் காரணமான டானின்கள் கண்ணில் பட்ட புரதத்தையெல்லாம் பிடித்து இறுக்கும் குணமுள்ளவை. ஆட்டுத் தோலை மாற்றும் அதே வேலையை அவை தட்டிலுள்ள பூஞ்சையிடமும் காட்டும். அந்த வெற்று வட்டம் பொய்யில்லை. ஆனால் பூஞ்சையை மட்டும் குறிவைத்து நிறுத்தும் மருந்து அந்தச் சாற்றில் இருக்கிறது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. வட்டத்தின் அளவை வைத்து இரண்டு செடிகளை ஒப்பிடவும் முடியாது. தண்ணீரில் கரையும் பொருள் கூழில் வேகமாகப் பரவும். எண்ணெய்ப் பசையுள்ள பொருள் எவ்வளவு வீரியமானாலும் காகிதத்தைவிட்டு நகராமல் கிடக்கும். அளவையும் பார்க்க வேண்டும். இந்த ஆய்வில் ஒரு காகிதத்துக்கு 1.25, 2.5, 5 மில்லிகிராம் என்று மூன்று அளவில் சாறு ஏற்றினார்கள். மருத்துவமனை ஆய்வகத்தில் புளூகோனசோல் மருந்துக்குப் பூஞ்சை அடங்குகிறதா என்று சோதிக்கும் காகிதத்தில் இருப்பது 25 மைக்ரோகிராம். 5 மில்லிகிராம் என்பது அதைப்போல் 200 மடங்கு. முதல் சல்லடையாக இந்த முறை நல்லது. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

பெரும்பாலான ஆய்வுகள் இந்தச் சல்லடையோடு முடிந்துவிடுகின்றன. லயோலா குழு அதோடு நிற்கவில்லை. அடுத்த மூன்று ஆண்டுகளில் மிளகரணை இலையைத் தனியே எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். ஹெக்சேன், குளோரோஃபார்ம், எத்தில் அசிடேட், மெத்தனால், தண்ணீர் என்று ஐந்து கரைப்பான்களில் சாறெடுத்தார்கள். கொழுப்பும் மெழுகும் ஹெக்சேனில் இறங்கும். சர்க்கரையும் உப்பும் தண்ணீரில் இறங்கும். நடுத்தரப் பொருள்கள் நடுவிலுள்ள கரைப்பான்களுக்கு வரும். கிருமியைத் தடுக்கும் சக்தி எத்தில் அசிடேட் சாற்றில் இருந்தது. அந்தச் சாற்றைப் பிரித்துப் பிரித்து, எந்தப் பங்கில் சக்தி போகிறதோ அந்தப் பங்கையே தொடர்ந்து போனால், கடைசியில் ஒற்றைப் பொருள் மிஞ்சும். மிஞ்சியதன் வடிவத்தை எக்ஸ்-கதிர் படிகவியலில் உறுதி செய்தார்கள். படிகத்தின் வழியே எக்ஸ்-கதிரைச் செலுத்தி, அது சிதறும் விதத்திலிருந்து ஒவ்வோர் அணுவும் எங்கே இருக்கிறது என்று கணக்கிடும் முறை இது. இதில் ஊகத்துக்கு இடம் மிகக் குறைவு. அந்தப் பொருள் பிளிண்டர்சின் என்ற ஆல்கலாய்டு. ஆஸ்திரேலியாவில் வளரும் பிளிண்டர்சியா மரத்தின் பெயரால் வந்தது. அந்த மரமும் ரூட்டேசி குடும்பம்தான்.

2009இல் எத்னோஃபார்மகாலஜி இதழில் வெளியான அந்தக் கட்டுரையில் பிளிண்டர்சினின் வீரியம் எண்களாகத் தரப்பட்டது. இந்த எண்கள் காகித வட்டத்திலிருந்து வந்தவை அல்ல. 96 சிறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு. முதல் குழியில் மருந்து முழு அளவு, அடுத்ததில் பாதி, அதற்கடுத்ததில் அதில் பாதி. 1000, 500, 250, 125, 62.5, 31.25 என்று இறங்கிக்கொண்டே போகும். எல்லாக் குழியிலும் ஒரே அளவு பூஞ்சை விதைகளை இட்டு, சில நாள் வைத்திருந்து பார்ப்பார்கள். பூஞ்சை கண்ணுக்குத் தெரியும்படி வளராத கடைசிக் குழியின் அளவுதான் ‘குறைந்தபட்சத் தடுப்புச் செறிவு’. டிரைக்கோஃபைட்டான் இனப் பூஞ்சைகள் மூன்றுக்கும் எபிடெர்மோஃபைட்டானுக்கும் அது 62.5 மைக்ரோகிராம். நெற்பயிரில் குலைநோய் உண்டாக்கும் பூஞ்சைக்கும் கேண்டிடாவுக்கும் 250.

62.5 என்ற புள்ளி வைத்த எண் துல்லியமான அளவை போலத் தோன்றும். அது பாதிப் பாதியாகக் குறைத்துக்கொண்டே போனதில் வந்த படி மட்டுமே. உண்மையான எல்லை 62.5க்கும் 31.25க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம். மறுநாள் அதே சோதனையைச் செய்தால் ஒரு படி மேலேயோ கீழேயோ வருவது சகஜம். ஆகவே ஒரு செடிக்கு 62.5, இன்னொன்றுக்கு 31.25 என்றால் இரண்டாவது இரண்டு மடங்கு வீரியம் என்று பறைசாற்றக் கூடாது.

அந்த எண் நல்ல எண்ணா? ஸ்பெயினின் வலென்சியா பல்கலைக்கழகத்து ரியோஸ், ரெசியோ இருவரும் 2005இல் மூலிகை ஆய்வாளர்களுக்கு ஓர் அளவுகோல் வைத்தார்கள். சாறு என்றால் 1 மில்லிகிராமுக்கு மேலும், தனிப்பொருள் என்றால் 100 மைக்ரோகிராமுக்கு மேலும் தேவைப்பட்டால் அதைப் பொருட்படுத்தவே வேண்டாம். சாறு 100 மைக்ரோகிராமுக்குக் கீழேயும் தனிப்பொருள் 10க்குக் கீழேயும் வேலை செய்தால் உற்சாகப்படலாம். இதன்படி பிளிண்டர்சின் படர்தாமரைப் பூஞ்சைகளுக்கு நடுவில் நிற்கிறது, கேண்டிடாவுக்குத் தள்ளுபடி. டெர்பினாஃபின் என்ற மருந்து சாதாரண டிரைக்கோஃபைட்டானை 0.03 மைக்ரோகிராமிலேயே நிறுத்திவிடும். பிளிண்டர்சின் அதைவிட ஏறத்தாழ 2,000 மடங்கு பலவீனம். லயோலா குழுவே தங்கள் சுருக்கத்தில் பிளிண்டர்சினின் செயல்பாடு மிதமானது என்றுதான் எழுதினார்கள். தாங்கள் பிரித்தெடுத்த பொருளைப் பற்றி அப்படி எழுதுவதற்கு நேர்மை வேண்டும். அதை நான் மிக மதிக்கிறேன்.

ஏனென்றால் வேறு வகைக் கட்டுரைகள்தான் இன்று பெருகிக் கிடக்கின்றன. ஒரு செடியின் மெத்தனால் சாற்றை ஜிசி-எம்எஸ் கருவியில் செலுத்துவது. கருவியின் கணினி தன் நூலகத்தோடு ஒப்பிட்டு அச்சிட்டுத் தரும் 20, 30 பெயர்களை அப்படியே பட்டியலிடுவது. ஒவ்வொன்றின் எதிரேயும் ‘பூஞ்சை எதிர்ப்பு, புற்று எதிர்ப்பு, வீக்க எதிர்ப்பு’ என்று எழுதுவது. அந்தக் கருவி ஆவியாகக்கூடிய பொருள்களை மட்டுமே பார்க்கும். ஆவியாகாத பெரிய ஆல்கலாய்டுகளும் சர்க்கரை ஒட்டிய பொருள்களும் அதன் கண்ணில் படா. அதனால்தான் எந்தச் செடியைக் கொடுத்தாலும் பனைக்கொழுப்பு அமிலமும் பைட்டாலும் பட்டியலில் திரும்பத் திரும்ப வருகின்றன. பச்சை இலை எதிலும் இருப்பவை அவை. பெயர்ப் பொருத்தம் என்பது அடையாளம் கண்டதாகாது. எந்தப் பொருள் பூஞ்சையைத் தடுத்தது என்ற கேள்வி அங்கே எழுவதே இல்லை. பல மாணவர்களின் இளமை இந்தப் பட்டியல்களில் கரைகிறது. அவர்களுக்கு ஒரு படிகத்தையாவது கையில் எடுத்துப் பார்க்கும் வாய்ப்பு கிடைக்க வேண்டும்.

பூஞ்சைக்கு மருந்து தேடுவது ஏன் இவ்வளவு சிரமம்? பாக்டீரியாவின் உடலமைப்பு நம்முடையதிலிருந்து வெகுதூரம் விலகியது. அதை அடித்து நம்மை விட்டுவைக்கும் மருந்துகள் ஏராளம். பூஞ்சையின் செல் நம் செல்லுக்கு நெருங்கிய உறவு. அதைக் கொல்லும் பெரும்பாலான பொருள்கள் நம்மையும் பதம் பார்க்கும். பூஞ்சையின் சவ்வில் கொலஸ்ட்ராலுக்குப் பதில் எர்கோஸ்டெரால் இருக்கிறது. கைட்டினும் குளுக்கனும் கலந்த சுவர் இருக்கிறது. இந்த இரண்டு வேறுபாடுகளைப் பிடித்துக்கொண்டுதான் இன்றைய மருந்துகளில் பெரும்பாலானவை இயங்குகின்றன. டெர்பினாஃபின், அசோல் வகைகள், ஆம்போடெரிசின் எல்லாம் எர்கோஸ்டெராலைச் சுற்றியே வருகின்றன. ஒரு கதவைப் பூஞ்சை அடைத்துவிட்டால் மாற்றுக்கு அதிகம் இல்லை.

அந்தக் கதவு இந்தியாவில் அடைபடத் தொடங்கிவிட்டது. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக நம் ஊர்களில் படர்தாமரை முன்பு போல இல்லை என்பது தோல் மருத்துவர்கள் எல்லோரும் சொல்வது. தொடை இடுக்கில் ஆரம்பித்து இடுப்பு, வயிறு, முகம் என்று பரவுகிறது. வீட்டில் எல்லோருக்கும் தொற்றுகிறது. மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்டாலும் திரும்ப வருகிறது. மெடிக்கல் கடையில் சீட்டில்லாமல் வாங்கும் களிம்புகளில் பூஞ்சை மருந்தோடு குளோபெட்டசால் போன்ற கடுமையான ஸ்டீராய்டும் கலந்திருக்கும். பூசிய இரண்டாம் நாள் அரிப்பு அடங்கும். தோலின் எதிர்ப்பும் சேர்ந்து அடங்கிவிடுவதால் பூஞ்சை உள்ளே நிம்மதியாக வளரும். தோலில் பூசும் 14 ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018இல் விதித்தது. அதே ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், தில்லியில் சோதித்த டிரைக்கோஃபைட்டான் மாதிரிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு டெர்பினாஃபினுக்கு அடங்கவில்லை. அவற்றை நிறுத்த 4 முதல் 32 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் தேவைப்பட்டது. மருந்து போய்ப் பற்ற வேண்டிய ஸ்குவாலீன் எபாக்சிடேஸ் நொதியில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்ததே காரணம். 2020இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்தப் பூஞ்சைக்கு டிரைக்கோஃபைட்டான் இந்தோட்டினியே என்று தனிப் பெயரிட்டார்கள். இன்று அது கண்டங்களைத் தாண்டிவிட்டது.

இப்போது அந்த 62.5ஐ மீண்டும் பாருங்கள். பழைய பூஞ்சைக்கு எதிரே 2,000 மடங்கு பலவீனமாகத் தெரிந்த பொருள், டெர்பினாஃபினுக்கு அடங்காத பூஞ்சைக்கு எதிரே இரண்டு முதல் பதினாறு மடங்கு பலவீனம் என்ற அளவுக்கு நெருங்கிவிடுகிறது. ஆனால் அதே 62.5 இந்தப் புதிய பூஞ்சைக்கும் பொருந்தினால்தான். 2009இன் சோதனை அன்றைய ஆய்வக இனங்களின் மேல் நடந்தது. இன்றைய நோயாளியின் தோலில் இருப்பது வேறு.

மேலே பூசும் மருந்துக்கு வீரியம் குறைவாக இருப்பது பெரிய குறையும் இல்லை. ரத்தத்தில் ஒரு பொருளை 62.5 மைக்ரோகிராம் அளவுக்கு ஏற்றி நிறுத்துவது கடினம், நஞ்சாகிவிடலாம். தோலில் அப்படியில்லை. ஒரு சதவீதக் களிம்பு என்றால் கிராமுக்கு 10,000 மைக்ரோகிராம் மருந்து. தேவையைப்போல் 160 மடங்கு. பலவீனமான பொருள்கள் பூஞ்சைக் களிம்பாக வெற்றிபெற்ற வரலாறு இருக்கிறது. அவற்றில் பல நமக்குத் தெரிந்த செடிகளிலிருந்தே வந்தவை. ஆமணக்கெண்ணெயைக் கடும் வெப்பத்தில் சிதைத்துக் கிடைக்கும் அன்டிசைலனிக் அமிலத்தை இரண்டாம் உலகப்போர்க் காலத்து அமெரிக்கச் சிப்பாய்கள் சேற்றுப்புண்ணுக்குப் போட்டார்கள். 1907இல் லண்டன் மருத்துவர் ஆர்தர் விட்ஃபீல்ட் உண்டாக்கிய களிம்பில் 6 சதவீதம் பென்சாயிக் அமிலமும் 3 சதவீதம் சாலிசிலிக் அமிலமும்தான். பென்சாயிக் அமிலத்தை முதன்முதலில் சாம்பிராணியிலிருந்து எடுத்தார்கள். ஒன்று பூஞ்சையை அடக்கும். மற்றது பூஞ்சை குடியிருக்கும் செத்த தோலையே உரித்துவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் அந்தக் களிம்பு நெடுங்காலம் இருந்தது.

இதே லயோலா ஆய்வகம் 2007இல் சரக்கொன்றைப் பூவிலிருந்து ஒரு படிகம் பிரித்தது. அது 4-ஹைட்ராக்சி பென்சாயிக் அமிலம். விட்ஃபீல்ட் களிம்பின் அமிலத்துக்குத் தம்பி. படர்தாமரைப் பூஞ்சையை நிறுத்த 0.5 மில்லிகிராம் தேவைப்பட்டது. வலென்சியா அளவுகோலில் அது தேறாது. ஆனால் இந்த அமிலத்தின் எஸ்டர்களான பாரபென்கள்தான் உலகெங்கும் களிம்புகளும் ஒப்பனைப் பொருள்களும் பூஞ்சணம் பிடிக்காமல் காத்துவருகின்றன. எந்தப் பொருளுக்கு எந்த வேலை என்று கண்டுபிடிப்பது தட்டில் எண் எடுப்பதைவிடக் கடினமான வேலை.

அந்தக் கடினமான வேலை மிளகரணைக்கு இன்னும் நிறைய இருக்கிறது. இலையில் பிளிண்டர்சின் மட்டும் இல்லை. 2012இல் இதே குழுவினர் உலோப்டெரால் என்ற கூமரினையும் இந்தச் செடியிலிருந்து பிரித்தார்கள். அது அஸ்பெர்ஜில்லஸ் பிளேவஸையும் கேண்டிடா குருசேயையும் தடுத்தது. வேரில் கெலெரித்ரின், நைட்டிடின் ஆகிய ஆல்கலாய்டுகள் உண்டு. கென்ய மக்கள் மலேரியாவுக்குப் பயன்படுத்தும் இதே செடியின் வேரில் நைட்டிடினின் மலேரியா எதிர்ப்பை 1995இல் கண்டார்கள். ஆனால் நைட்டிடினும் கெலெரித்ரினும் மனித செல்களையும் கொல்லக்கூடியவை. இந்தக் குடும்பத்துச் செடிகளில் உள்ள பியூரானோகூமரின்கள் தோலில் பட்டு வெயிலும் பட்டால் கொப்புளம் கிளம்பும். எலுமிச்சைச் சாறு பட்ட கையோடு வெயிலில் வேலை செய்தவர்களுக்கு அது தெரியும். மிளகரணையிலும் அந்த வகைப் பொருள்கள் இருக்கின்றன. பச்சிலைதானே, அரைத்துப் பூசினால் என்ன என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். தோட்ட வேலைக்குப் போகிறவர் காலையில் அதைப் பூசிக்கொண்டு வெயிலில் நிற்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஆகவே முதல் கேள்வி, பூஞ்சையைத் தடுக்கும் அளவுக்கும் மனிதத் தோல் செல்லைக் கெடுக்கும் அளவுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்பது. அடுத்தது, பிளிண்டர்சின் களிம்பிலிருந்து வெளியேறித் தோலின் மேலடுக்குக்குள் இறங்குகிறதா, வெயிலில் என்ன செய்கிறது என்பது. மூன்றாவதைத்தான் நாம் வழக்கமாக விட்டுவிடுகிறோம். வைத்தியர் எப்படித் தயாரிக்கிறார்? எண்ணெயில் காய்ச்சுகிறாரா, தண்ணீரில் அரைக்கிறாரா? லயோலா சோதனையில் சக்தி எத்தில் அசிடேட்டில்தான் இறங்கியது. வெறும் தண்ணீரில் ஊறவைப்பவருக்கு அந்தப் பொருள் சரியாகக் கிடைக்காமல் போகலாம். எண்ணெயில் காய்ச்சுபவருக்குக் கிடைக்கலாம்.

மனிதரிடம் சோதிக்கும் தெம்பு நம்மிடம் இல்லாமலில்லை. சீமை அகத்தி இலைச் சாற்றைத் தேமல் நோயாளிகளுக்குப் பூசிப் பத்து ஆண்டுகள் கவனித்த முடிவை எஸ். தாமோதரன், எஸ். வெங்கட்ராமன் இருவரும் 1994இல் வெளியிட்டார்கள். நம்பிப் பயன்படுத்தலாம், பக்கவிளைவு இல்லை என்றார்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை அமெரிக்காவின் பிராக்டர் நிறுவனத்தோடு சேர்ந்து, கருவிழியில் பூஞ்சைப் புண் வந்தவர்களுக்கு நேட்டமைசினா வோரிகோனசோலா என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்து மருந்து கொடுத்து ஒப்பிட்டது. பழைய மருந்தான நேட்டமைசினே மேல் என்று 2013இல் தெரிந்தது. உலகமே அந்த முடிவைப் பின்பற்றுகிறது. அறுவடையில் நெல்தூசியோ செடியின் முள்ளோ கண்ணைக் கீறி அந்தப் புண் வருகிறது. வைகைப் பள்ளத்தாக்கு விவசாயிகளுக்கும் அது பழக்கமான நோவு. கண்ணில் பச்சிலைச் சாறு விடுவதால் அது மோசமாகும் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

பூஞ்சை நோயியலில் மதுரைச் சீமைக்கு இன்னும் பழைய இடம் ஒன்று உண்டு. வெறுங்காலோடு வயலில் நடப்பவர்களின் பாதம் வீங்கி, துளைத்துளையாகச் சீழும் குருணைகளும் வடியும் நோயை 1842இல் ஜான் கில் என்ற ராணுவ மருத்துவர் மதுரையில் பதிவு செய்தார். அது ‘மதுரைப் பாதம்’ என்று உலகப் பாடநூல்களில் ஏறியது. அதற்குப் பூஞ்சை காரணம் என்று காட்டி மைசெட்டோமா என்று பெயரிட்டவர் பம்பாயில் பணியாற்றிய வேண்டைக் கார்ட்டர். கிரேயின் உடற்கூறு நூலுக்குப் படம் வரைந்த அதே கார்ட்டர். தேனி 1996 வரை மதுரை மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2016இல்தான் மைசெட்டோமாவைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. பூஞ்சையால் வரும் மைசெட்டோமாவில் இன்றும் கால்களை வெட்ட வேண்டி வருகிறது. ஏழையின் தோலில் வரும் நோய்க்கு மருந்து தேட யாருக்கும் அவசரமில்லை என்பதற்கு இந்த 174 ஆண்டுகளே போதும்.

மருந்து கிடைத்துவிட்டால் அது யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி கூடவே வரும். இந்தியாவின் மிகப் பெரிய காப்புரிமைச் சண்டைகளில் ஒன்று பூஞ்சை எதிர்ப்பைப் பற்றியதுதான். வேப்பெண்ணெயால் செடிகளில் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறைக்கு அமெரிக்க வேளாண் துறைக்கும் டபிள்யூ.ஆர். கிரேஸ் நிறுவனத்துக்கும் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 1994இல் உரிமை வழங்கியது. வந்தனா சிவா உள்ளிட்டோர் எதிர்த்து வழக்காடி 2000இல் அது ரத்தானது. மேல்முறையீடு 2005இல் தள்ளுபடியானது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே வேறொரு முன்மாதிரியும் இருக்கிறது. அகத்திய மலையின் காணி மக்கள் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்ற செடியிலிருந்து திருவனந்தபுரத்து வெப்பமண்டலத் தாவரவியல் நிறுவனம் ஒரு மருந்தைத் தயாரித்து, 1995இல் கோவை ஆரிய வைத்திய பார்மசிக்கு 10 லட்சம் ரூபாய்க்கும் 2 சதவீத உரிமத்தொகைக்கும் கொடுத்தது. அதில் பாதி காணிகளுக்கு. அதில் குறைகள் இருந்தன, சச்சரவுகளும் வந்தன. ஆனாலும் பங்கு என்று ஒன்று காகிதத்தில் எழுதப்பட்டது.

2002இன் பல்லுயிர்ச் சட்டம் அந்தப் பங்கைப் பொது விதியாக்கியது. 2023இன் திருத்தம், நூல்களில் எழுதப்பட்ட மரபறிவைப் பயன்படுத்துவோருக்கு அந்தப் பங்கிலிருந்து விலக்கு தந்துவிட்டது. மிளகரணை சித்த மருத்துவத்திலும் வழங்கும் மருந்துச் செடி. அந்த நூல்களைக் காட்டி நாளை ஒரு நிறுவனம் களிம்பு செய்தால் பளியர்களுக்கு ஒன்றும் தர வேண்டியதில்லை என்று வாதிட இடமிருக்கிறது. ஆனால் ஆய்வாளர்களைச் செடிக்கு இட்டுச் சென்றது ஏடு அல்ல, மலையில் வாழ்பவர். இந்தச் சட்டத் திருத்தம் அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

காட்டின் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. பழைய மருத்துவம் மிளகரணையின் வேர்ப்பட்டையைத்தான் பெரிதாகப் பேசியது. வேரைத் தோண்டினால் கொடி சாகும். லயோலா குழு இலையில் தேடியது. பறித்தால் மறுபடி துளிர்க்கும். இந்தத் தேர்வைப் பின்வருபவர்களும் கடைப்பிடிக்க வேண்டும். வருசநாடு, மேகமலைக் காடுகள் 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வந்துவிட்டன. அங்கே செடி பறிக்க ஆய்வாளருக்கு அனுமதி கிடைத்து, பளியருக்குக் கிடைக்காமல் போகுமானால் அதைவிட மோசமான நிலை வேறில்லை. கடமலை–மயிலை ஒன்றியத்து ஊராட்சிகளின் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடுகளில் மிளகரணையும், அதைத் தயாரிக்கும் முறையும், அதைச் சொன்ன குடியிருப்பின் பெயரும், சொன்னவர்கள் சம்மதித்தால், முதலில் ஏற வேண்டும். ஆய்வு அதற்குப் பிறகு தொடங்கட்டும்.

தொடங்குவதற்கு இடம் தூரத்தில் இல்லை. மயிலாடும்பாறையிலிருந்து படர்தாமரையோடு புறப்படுகிறவர் இறங்கும் க.விலக்கில்தான் தேனி அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே வரும் நோயாளிகளின் தோலிலிருந்து, அவர்கள் ஒப்புதலோடு, பிளேடால் சுரண்டியெடுக்கும் செதிள்களில் எத்தனை இந்தோட்டினியே, எத்தனை டெர்பினாஃபினுக்கு அடங்காதவை என்று முதலில் தெரிய வேண்டும். அந்தப் பூஞ்சைகளை 96 குழித் தட்டில் இட்டு, ஒரு வரிசையில் டெர்பினாஃபினும் ஒரு வரிசையில் இட்ரகோனசோலும் ஒரு வரிசையில் பிளிண்டர்சினும், கடைசி வரிசையில் பளிய வைத்தியர் தன் கையால் காய்ச்சிய எண்ணெயும் வைத்துப் பார்க்கலாம்.